மஹ்தியா கடற்கரையில் ஒரு குடும்ப விடுமுறை

விடுமுறைப் பயணம் என்ற பேச்சு எழுந்ததும், 'எங்கே போகலாம்? எவ்வளவு செலவாகும்?' என்னும் இரு கேள்விகளே நம் இல்லங்களில் முதலில் பிறக்கின்றன. 'இந்த ஓய்வு யாருக்கு?' என்னும் மூன்றாவது கேள்வியைக் கேட்போர் அரிது. நானும் கேட்டதில்லை. மத்தியதரைக் கடலோரத்தில், ஒரு வாடகை வீட்டின் அடுக்களையிலிருந்து அக்கேள்வி என்னை நோக்கி வந்தபோதுதான் அதன் கனம் எனக்கு விளங்கிற்று.

காரைக்கால், புதுச்சேரிப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் பல, தலைமுறைகளாகப் பிரான்சு நாட்டில் வாழ்ந்து வருவதை வாசகர்கள் அறிவர். என் தங்கையின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. பிரான்சிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய முஸ்லிம் நாடு துனீசியா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள மஹ்தியா என்னும் சிற்றூருக்கு எங்களையும் வரவழைத்தனர். பயணச் செலவின் பெரும்பகுதியை மைத்துனரே ஏற்றுக்கொண்டார்.

வெண்மணல், பளிங்கு போன்ற நீர், கூச்சலற்ற கரை. நாங்கள் ஆண்களும் குழந்தைகளும் மெய்மறந்திருந்தோம். மூன்றாம் நாள் பகலுணவுக்குப் பின், பாத்திரம் துலக்கிக்கொண்டே என் மனைவி சொன்னார்: "கடல் பார்க்கத்தானே வந்தோம். நான் இதுவரை பார்த்ததெல்லாம் இந்த அடுப்பைத்தான்." அருகில் காய் நறுக்கிக்கொண்டிருந்த தங்கை, "நானா, ஊரை மாற்றினீர்கள், எங்கள் வேலையை மாற்றவில்லையே" என்று சிரித்தபடியே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூமியில் பயணம் செய்து, படைத்தவனின் ஆற்றலைச் சிந்திக்குமாறு திருமறை அழைக்கிறது. அந்த அழைப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. ஆண்டு முழுவதும் வீட்டைச் சுமந்தவர்களுக்கு ஓய்வு கிட்டாத விடுமுறை, விடுமுறையே அன்று. இதை மனத்திற்கொண்டே, அமைதியான அக்கடற்கரைக்கோ அதுபோன்ற வேறிடத்திற்கோ செல்ல நாடும் குடும்பங்களுக்காகப் பின்வரும் யோசனைகளை எழுதுகிறேன்.

எப்போது செல்வது?

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் துனீசிய மக்களே கடற்கரைகளில் திரள்வர். ஐரோப்பாவில் பணிபுரியும் அந்நாட்டவரும் விடுமுறைக்கு ஊர் திரும்புவர். வாடகையும் வெயிலும் ஒருசேர உயரும். அமைதியை நாடுவோர் ஜூன் மாதத்தையோ செப்டம்பரையோ தேர்ந்தெடுப்பது நலம். கோடை முழுதும் சூடேறிய கடல், செப்டம்பரிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். நம் பள்ளிக்கூடங்களின் விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அப்போது வானிலை இனிமையாயினும் கடல்நீர் குளிர்ந்திருக்கும் என்பதை நினைவிற்கொள்க.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகரங்கள் வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ துனிஸ் நகரை அடையலாம். அங்கிருந்து மஹ்தியா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஐரோப்பாவிலிருந்து வருவோர்க்கு மொனாஸ்திர் விமான நிலையமே அண்மையானது. விசா விதிமுறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதாலும் அடிக்கடி மாறுவதாலும், பயணச்சீட்டு வாங்குமுன் புது தில்லியிலுள்ள துனீசியத் தூதரகத்திடம் நேரில் உறுதிசெய்து கொள்ளுங்கள். பிறர் வாய்மொழியை நம்பிப் புறப்படாதீர்கள்.

சூஸா, மொனாஸ்திர், மஹ்தியா ஆகிய மூன்று ஊர்களையும் கரையோரமாகச் செல்லும் மின்சார ரயில் இணைக்கிறது. கட்டணம் குறைவு, ஆனால் விரைவை எதிர்பார்த்தல் ஆகாது. மற்றொரு வசதி 'லுவாஜ்' எனப்படும் பங்கு வண்டி. எட்டுப் பேர் சேர்ந்ததும் புறப்படும். அதற்கெனக் குறித்த நேரம் கிடையாது. குடும்பத்தோடு செல்வோர் எல்லா இருக்கைகளுக்கும் கட்டணம் தந்துவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே தங்குவது?

'முஸ்லிம் நாடுதானே, எல்லாம் நமக்கேற்றபடி இருக்கும்' என்று எண்ணிச் செல்வோர் ஏமாற்றமடைவர். அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்களே. எனினும் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுந்த பெரிய விடுதிகளில் மது பரிமாறப்படுகிறது. நீச்சல் குளத்தருகே இரவெல்லாம் இசை முழங்குவதும் உண்டு. சில விடுதிகள், உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடை அணிந்த பெண்களைக் குளத்தில் இறங்க அனுமதிப்பதில்லை. ஆகவே பணம் கட்டுமுன் மூன்று செய்திகளை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்: அறைக்கு அருகில் மதுக்கூடம் உண்டா? பெண்களின் முழு உடைக்குத் தடை உண்டா? கரைக்குச் செல்லத் தனி வழி உண்டா?

நாங்கள் எடுத்தது கரையோர வாடகை வீடு. மதுவும் இசையும் அங்கில்லை; ஆனால் அடுக்களை இருந்தது. அடுக்களை இருந்தால் அதில் யார் நிற்பார் என்பதைப் புறப்படுமுன்னரே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பின் நாங்கள் வகுத்துக்கொண்ட முறை இது: காலைச் சிற்றுண்டி ஆண்களின் பொறுப்பு. ரொட்டி, முட்டை, ஆலிவ் எண்ணெய், பழம், தேநீர் ஆகியவற்றுக்குப் பெரிய சமையற்கலை வேண்டியதில்லை. பகலுணவு வெளியிலிருந்து வரும். இரவில் மட்டும் வீட்டில் எளிய சமையல். அதிலும் காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் ஆண்கள், வளர்ந்த பிள்ளைகள் பணி. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இல்லத்தாரின் வேலைகளில் பங்கேற்றார்கள் என்பதை ஆண்டாண்டாக மாணவர்களுக்குக் கற்பித்து வந்த நான், அதனைச் செயலில் கற்றது அந்த அடுக்களையில்தான்.

உணவில் கவனம்

ரவை போன்ற கோதுமை மணிகளை ஆவியில் வேகவைத்து, மேலே மீனோ இறைச்சியோ காய்கறியோ சேர்க்கும் 'குஸ்குஸ்' அந்நாட்டின் தலையாய உணவு. முட்டையும் சூரை மீனும் உள்ளே வைத்து மெல்லிய மாவுத்தாளில் மடித்துப் பொரிக்கும் 'பிரீக்', நம் சமோசாவை நினைவூட்டும். 'ஹரீஸா' என்னும் மிளகாய்த் துவையல் எல்லா உணவோடும் வரும். காரம் பழகிய நமக்கு அது ஊரின் நினைவைத் தரும்.

மஹ்தியா மீன்பிடித் துறைமுகம். காலையில் சந்தைக்குச் சென்றால் மத்தி முதல் கணவாய், ஆக்டோபஸ் வரை புதிதாகக் கிடைக்கும். இங்கே ஒரு மார்க்க விளக்கம் தேவைப்படுகிறது. மாலிக்கீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி கடல் உணவில் ஏறத்தாழ எல்லாமே ஆகுமானவை. ஹனஃபீ மத்ஹபில் மீன் வகை மட்டுமே ஆகும். ஆக்டோபஸ், கணவாய் ஆகியன ஆகா. இறால் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் சமுதாயத்தில் கடலோர மக்களுள் ஷாஃபிஈகளும் உள்நாட்டு மக்களுள் ஹனஃபீகளும் மிகுதி. ஒரே பயணக் குழுவில் இரு சாராரும் இருப்பர். ஒருவர் உண்பதை மற்றவர் பழிக்காதிருப்பதே பண்பு. எங்கள் குழுவிலும் மைத்துனர் ஹனஃபீ. அவருக்கென மீன் தனியே சமைக்கப்பட்டது.

தொழுகையும் கிப்லாவும்

தமிழகத்தில் நாம் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்கள். நாகூரிலும் காரைக்காலிலும் தொழும்போது கடல் நம் முதுகுப் பக்கம் இருக்கும். மஹ்தியாவிலோ மக்கா நகர், கிழக்கிலிருந்து சற்றே தெற்காக உள்ளது. முதல் நாள் என் சிறிய மகன் பழக்கத்தால் மேற்கு நோக்கித் தக்பீர் கட்டிவிட்டான். கஅபா என்னும் ஒரே மையத்தை உலகின் எல்லாத் திசையினரும் நோக்குகின்றனர் என்ற பாடம், அன்று அவனுக்கு எளிதில் புரிந்தது. தங்குமிடம் சேர்ந்ததும் கிப்லாவை உறுதிசெய்து சுவரில் அடையாளம் வைத்துவிடுங்கள்.

ஜூன் மாத இறுதியில் அங்கே காலை 5 மணியளவில் சூரியன் உதித்து, மாலை ஏழரை மணியைத் தாண்டியே மறைகிறது. அதனால் இஷாவுக்கும் சுப்ஹுக்கும் இடையே உறங்கும் நேரம் குறைவு. ளுஹருக்குப் பின் உறங்கிக்கொள்வதே வழி. வெயில் உச்சியிலிருக்கும் அந்நேரத்தில் கரையில் இருப்பது உடலுக்கும் நல்லதன்று. ஊர் மக்களும் அப்போது கடையடைத்து ஓய்வெடுக்கின்றனர்.

பயணத் தொழுகை பற்றி அடிக்கடி வினவப்படுகிறது. போகும் நாளையும் திரும்பும் நாளையும் நீக்கி, ஓரிடத்தில் முழுமையாக 4 நாட்கள் தங்க நிய்யத் செய்தவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி அங்கே சுருக்கித் தொழ இயலாது. ஹனஃபீ மத்ஹபில் அவ்வரம்பு 15 நாட்கள். ஆதலால் பத்து நாள் தங்கும் குடும்பத்தில் ஒருவர் முழுமையாகவும் மற்றவர் கஸ்ராகவும் தொழ நேரலாம். புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

துனீசியர் மாலிக்கீ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். சிலர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவதையும், இமாம் பிஸ்மில்லாஹ்வை உரக்க ஓதாததையும், சுப்ஹில் குனூத்தை ருகூஉக்கு முன் மெதுவாக ஓதுவதையும் கண்டு பிள்ளைகள் வியப்படைவர். இவையனைத்தும் ஓர் இமாமின் ஆய்வு வழிவந்த நடைமுறைகள் என்று முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். பள்ளிவாசல்கள் பெரும்பாலும் தொழுகை நேரத்தையொட்டியே திறக்கப்படுகின்றன. பல பள்ளிகளில் பெண்களுக்குத் தனியிடம் உண்டு. ஆகவே பெண்களை வாயிலில் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை.

கடல்நீரால் உளூச் செய்யலாம் என்பது ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடங்களுள் ஒன்று. வெயிலுக்காகப் பூசும் களிம்பில் மட்டும் கவனம் வேண்டும். நீர் புகாதபடி தோலில் படலமாகப் படியும் வகையாயின், உளூவுக்கு முன் சோப்பிட்டுக் கழுவிவிடுக.

பெண்களும் கடலும்

என் மனைவி கடலோர ஊரில் பிறந்தவர். நாற்பது ஆண்டுகளாக அலையோசை கேட்டு வாழ்ந்தும், கணுக்காலுக்கு மேல் கடல்நீர் பட்டறியாதவர். நாங்கள் செய்த ஏற்பாட்டின்படி, சுப்ஹுத் தொழுதபின் முதல் இரண்டு மணி நேரம் கரை பெண்களுக்கு. நானும் மைத்துனரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சற்றுத் தொலைவில் அமர்ந்திருப்போம். அந்நேரத்தில் கரையில் ஆள் நடமாட்டம் இராது. நான்காம் நாள் காலை, தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்ற என் மனைவி, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து, "நம் ஊரில் எனக்கு ஏன் இது கிடைக்கவில்லை?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

பொதுக் கரைகளில் துனீசியப் பெண்கள் பலர் முழு உடையுடனும் தலைத்துணியுடனும் நீராடுவதைக் காணலாம். ஆகவே நம் பெண்கள் கூச்சப்படத் தேவையில்லை. ஆனால் உடையில் ஒரு எச்சரிக்கை. பருத்திச் சேலையும் அகன்ற அங்கியும் நீரில் நனைந்தால் கனத்துவிடும், கால்களைச் சுற்றிக்கொள்ளும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கெனத் தைக்கப்பட்ட, நீரை உறிஞ்சாத மெல்லிய துணியாலான முழு உடையை ஊரிலிருந்தே வாங்கிச் செல்லுங்கள். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தல் ஆண்களுக்குக் கடமை என்பதையும், பார்வையைத் தாழ்த்துதல் முதலில் ஆண்களுக்கே ஏவப்பட்டது என்பதையும் ஆண்கள் மறக்கலாகாது.

குழந்தைகளின் பாதுகாப்பு

வங்கக் கடலின் பேரலையைக் கண்டு அஞ்சும் நாம், மத்தியதரைக் கடலின் அமைதியைக் கண்டு ஏமாறுகிறோம். அங்கே ஓதமும் வற்றமும் மிகச் சிறிது. கரையோர நீர் வெகுதூரம் ஆழமற்றிருக்கும். ஆபத்து காற்றில் இருக்கிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் தோன்றும். ஆனால் காற்றடைத்த மிதவையில் அமர்ந்த குழந்தையைச் சில நிமிடங்களில் ஆழத்திற்குக் கொண்டுபோய்விடும். அத்தகைய நாளில் மிதவையைக் கடலில் இறக்கவே கூடாது; மற்ற நாட்களிலும் கயிற்றால் கட்டி, நீச்சல் தெரிந்த பெரியவர் பிடித்திருக்க வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இன்ன நேரத்திற்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

கோடையில் சொறிமீன்கள் கரையொதுங்குவதுண்டு. கொட்டிவிட்டால் மணலால் தேய்க்காதீர்கள். நல்ல நீர் ஊற்றாதீர்கள். கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை அட்டை கொண்டு வழித்தெடுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பணமும் பேச்சும்

துனீசிய நாணயம் தீனார். ஒரு தீனாருக்கு 1000 மில்லீம், ஆகவே விலைச்சீட்டில் புள்ளிக்குப் பின் மூன்று எண்கள் இருக்கும், மயங்க வேண்டாம். தீனாரை நாட்டுக்குள் கொண்டு வருவதும் வெளியே கொண்டு செல்வதும் சட்டவிரோதம். யூரோவோ டாலரோ கொண்டு சென்று அங்கேயே மாற்றி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மிஞ்சியதைத் திரும்ப மாற்ற அது தேவைப்படும்.

அரபியும் பிரெஞ்சும் எங்கும் வழங்குகின்றன. மத்ரஸாவில் நான் கற்ற இலக்கண அரபியைக் கேட்டுக் கடைக்காரர்கள் புன்னகைத்தனர். அவர்தம் பேச்சு வழக்கு வேறு. 'பர்ஷா' என்றால் மிகுதி. 'யஅய்ஷக்' என்றால் நன்றி. எனினும் ஸலாம் சொன்னவுடன் முகங்கள் மலர்ந்தன. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மணலுக்கு அப்பால்

மஹ்தியா பழம்பெரும் நகர். ஃபாத்திமீ கலீஃபா உபைதுல்லாஹ் அல்மஹ்தி இதனை நிறுவி, கி.பி. 921-இல் தம் தலைநகராக்கினார். கடலுக்குள் நீண்டு செல்லும் நிலமுனையில், குறுகிய கழுத்துப் பகுதியைக் கோட்டைவாயில் காத்து நின்றது. 'ஸகீஃபா அல்கஹ்லா', அதாவது இருண்ட நடைவாயில், எனப்படும் அவ்வாயில் வழியாகவே இன்றும் பழைய நகருள் நுழைகிறோம். அங்குள்ள பெரிய பள்ளிவாசலுக்கு மினாரா இல்லை. கோட்டை போன்ற முகப்பே அதன் அழகு. 1148-இல் நார்மானியர் நகரைக் கைப்பற்றினர். 1160-இல் முவஹ்ஹிதுகள் மீட்டனர்.

மார்க்கக் கல்வியோடு தொடர்புடையோருக்கு இவ்வூர் மற்றொரு வகையில் நெருக்கமானது. ஸஹீஹ் முஸ்லிமுக்கு 'அல்முஃலிம்' என்னும் விரிவுரை எழுதிய இமாம் மாஸரீ (ரஹ்) வாழ்ந்து, 1141-இல் மறைந்த ஊர் இது. அவ்விரிவுரையைக் காழி இயாழ் (ரஹ்) விரித்தெழுதினார். இமாம் நவவீ (ரஹ்) தம் விரிவுரையில் இருவரையும் எடுத்தாள்கிறார். ஆண்டுதோறும் பாடத்தில் வாய் உச்சரித்த பெயருக்குரியவரின் தெருக்களில் நடந்தபோது என் உள்ளம் நெகிழ்ந்தது.

ஒரு நாளை ஒதுக்கினால், 670-இல் உக்பா இப்னு நாஃபிஉ நிறுவிய கைரவான் நகரின் பெரிய பள்ளிவாசலைக் கண்டு வரலாம். தூரம் சுமார் 100 கிலோமீட்டர். ரோமானியர் மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய மாபெரும் வட்டரங்கம் உள்ள எல் ஜெம், அதனினும் அண்மையில் உள்ளது. அதிகாலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்புவது முதியோருக்கு நலம்.

நிலமுனையின் சரிவில், கடலை நோக்கி வெண்ணிறக் கப்றுகள் பரந்து கிடக்கின்றன. அங்கே ஸலாம் கூறி துஆச் செய்யுங்கள். படம் எடுப்பதற்கும் சிற்றுண்டி அருந்துவதற்கும் அது இடமன்று. அக்கரையிலிருந்து இத்தாலியின் லம்பதூசா தீவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பிழைப்புத் தேடிச் சிறு படகுகளில் புறப்பட்ட இளைஞர் பலரை இதே கடல் விழுங்கியிருக்கிறது. நாம் நீராடி மகிழும் நீர், பல தாய்மாரின் கண்ணீரும் கலந்தது. இதை அறிந்தவர், கடைத்தெருவில் ஓர் ஏழையிடம் அரை தீனாருக்காக வாதாடமாட்டார்.

நிறைவாக

ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் நிலைத்தது. வெள்ளிக்கிழமைக் காலைச் சிற்றுண்டி இன்றும் என் பொறுப்பு. தோசை வட்டமாக வருவதில்லை. எவரும் குறை சொல்வதுமில்லை.

மஹ்தியாவுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது. நம்மூர்க் கடற்கரையோ, அருகிலுள்ள ஆற்றங்கரையோ போதும். புறப்படுமுன் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, யார் சமைப்பது, யார் பிள்ளைகளைப் பார்ப்பது, பெண்களுக்குரிய நேரம் எது என்ற மூன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பயணப் பையில் வேறெதை மறந்தாலும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இம்முடிவை மறந்தால் அதனை அங்கே வாங்க இயலாது.

நம் பயணங்களை நன்மையானவையாகவும், நம் இல்லத்தார் அனைவருக்கும் இளைப்பாறுதல் தருவனவாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.